வலிக்கிறதா என்று கேட்காத டாக்டர்

"நேத்து உங்க வீட்ல யாரு தண்ணிக் குடம் தூக்கினது?" என்று ஒரு டாக்டர் ஃபோனில் கேட்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? எனக்குச் சிரிப்புதான் வந்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில், சார்ஜரைப் பிடுங்கினால் செத்துவிடும் பழைய ஃபோனைக் காதில் வைத்துச் சுவரோடு ஒட்டி நின்றபடி, "அத்தைதான் மேடம்" என்றேன். "ஏன், நீ தூக்கலையா?" "குனிஞ்சு நிமிர வேணாம்னுட்டாங்க." அடுத்து, எந்தப் பக்கம் படுத்தாய், என்ன சாப்பிட்டாய், எதையாவது பாதியில் வைத்துவிட்டாயா என்று போய்க்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு அக்கா வம்பளக்க வந்ததுபோல் இருந்தது. உடம்பில் எங்கேயாவது வலிக்கிறதா என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை.

கல்யாணமாகிப் பல வருஷங்கள் எங்களுக்குக் குழந்தை இல்லை. "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்பவர்கள் எதிரே வந்தால் பக்கத்துச் சந்தில் நழுவிவிடக் கற்றிருந்தேன். ஊசி, மாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் கருவை வெளியே உருவாக்கிக் கருப்பைக்குள் வைக்கும் சிகிச்சைக்கு வந்திருந்தோம். அதே ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. இப்படித் தரிக்கும் கர்ப்பங்களுக்கு முதல் சில வாரங்களில் என்னென்ன சிக்கல்கள் வருகின்றன, அவற்றை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் அவர்கள் பார்த்தது. சேர்கிறாயா என்று கேட்டார்கள். ஆராய்ச்சியின் மேல் எனக்கொன்றும் பக்தி இல்லை. வாராவாரம் டாக்டரே ஃபோன் செய்வார் என்றார்கள். காலையிலிருந்து ஓ.பி.யில் காத்துக்கிடந்து இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறவள் நான், அதை விடுவேனா!

அந்த டாக்டர் சொல்தா வீட்டுப் பெண். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் பிரான்சுக்குப் போய்விட, இவர் மட்டும் சாரம் பகுதியில் ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டு ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்கு வந்துபோவார். அத்தை, அதாவது என் மாமியார், அவரை 'மதாம்' என்றுதான் சொல்வார். மரியாதை பாதி, கிண்டல் பாதி. ஏன் இப்படிச் சுற்றிவளைத்துக் கேட்கிறீர்கள் என்று ஒருமுறை நான் கேட்டேவிட்டேன். "முதல்ல நானும் வலி இருக்கா, தலை சுத்துதான்னுதான் கேட்டேன். ஒருத்தி விடாம எல்லாரும் ஒண்ணியும் இல்ல, நல்லா இருக்கேன்னாங்க. அதுல சில பேர ரெண்டே நாள்ல ஸ்ட்ரெச்சர்ல பார்த்தேன். மாமியார் பக்கத்துல நிக்கறப்ப எந்தப் பொண்ணு வலிக்குதுன்னு சொல்லும், நீயே சொல்லு? அதான் கேள்வியையே மாத்திட்டேன்" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்தவர்போலச் சொன்னாரே!

அத்தை கெட்டவர் இல்லை. பயந்தவர். நல்ல காரியம் நடக்கும் நேரத்தில் வாயில் கெட்டது வந்தால் அது அப்படியே பலித்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. அரிசி தீர்ந்துபோனால்கூட "இல்ல" என்று சொல்லமாட்டார், "வாங்கணும்" என்பார். எனக்குக் கரு தங்கியிருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்த நாளிலிருந்து இந்தச் சட்டம் இன்னும் கெடுபிடியாகிவிட்டது. வலி, ரத்தம், பயம் எதையும் அந்த வீட்டில் உச்சரிக்கக் கூடாது. "அசதியா இருக்குன்னு சொல்லு, போதும்" என்பார். தெருவில் யாராவது எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், நான் வாய் திறக்கும் முன்பே "ஜம்முனு இருக்கா" என்று அவரே சொல்லிவிடுவார். இத்தனை வருஷம் அவரும்தான் என்னோடு ஏங்கினார். அதனால் நானும் எதிர்த்துப் பேசவில்லை.

ஸ்கேனுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. ஒரு காலை எழுந்தபோது வலது தோளின் உச்சியில் குத்தியது. அடிவயிற்றிலும் லேசாக இழுத்தது. வயிற்று வலியைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த அத்தை, "ஒரே பக்கமா படுத்துக் கெடக்கற இல்ல, சுளுக்குதான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். தைலத்தைச் சூடாக்கித் தேய்த்தார். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். வயிறு உப்பலாக இருக்கிறது என்றதும் ஓமத் தண்ணீரும் வந்தது. மதியம் டாக்டரின் ஃபோன் வந்தபோது நான் வழக்கம்போல நல்லா இருக்கேன் மேடம் என்றுதான் ஆரம்பித்தேன்.

"சரி, நல்லா இரு. காலையில இருந்து அத்தை உனக்கு என்ன பண்ணி வுட்டாங்க, சொல்லு?"

இதில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லையே! அத்தையின் பெருமைதானே! அவர் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன், தைலம், ஒத்தடம், ஓமத் தண்ணீர் எல்லாவற்றையும்.

"தைலம் எங்க தேய்ச்சாங்க?"

"தோள்ல."

"கைய அசைச்சா ஜாஸ்தியாவுதா, படுத்தா ஜாஸ்தியாவுதா?"

"படுத்தாதான் மேடம்."

"அத்தைகிட்ட ஃபோனைக் குடு."

என்ன சொன்னார் என்று தெரியாது. அத்தையின் முகம் வெளுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆட்டோவில் ஏறும்போது எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. என் கணவர் தட்டாஞ்சாவடி பட்டறையிலிருந்து கிரீஸ் படிந்த கையோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடிவந்தார். ஸ்கேனை அந்த டாக்டரே எடுத்தார். எனக்கு வைத்த இரண்டு கருக்களில் ஒன்று கருப்பையிலும் இன்னொன்று கருக்குழாயிலும் வளர்ந்திருந்தன. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்த ரத்தம் மேலேறி விலாவுக்கு அடியில் உறுத்தினால் வலி தோளில்தான் தெரியுமாம். சுளுக்கென்று உருவிவிட்டுக்கொண்டிருந்தோம்! "குழாயை எடுத்தாகணும். உள்ள இருக்கற இன்னொண்ணு நிக்குமான்னு இப்ப சொல்லமாட்டேன். முதல்ல நீ பொழைக்கணும்" என்றார். அப்போதுகூட என் வாயில் வந்தது "நல்லா இருக்கேன் மேடம்" என்பதுதான். அவர் என் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் நான் என்னைப் பற்றி யோசிக்கவில்லை. மறுநாள் ஸ்கேன் வரைக்கும் அந்த இன்னொன்றைப் பற்றியே நினைத்துக்கொண்டு கிடந்தேன். அது இல்லாமல் போயிருந்தால் மறுபடி இத்தனை ஊசியையும் தாங்க எனக்குத் தெம்பில்லை, அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. திரையில் ஒரு புள்ளி துடிதுடித்தது. "பாரு, ஜம்முனு இருக்கு" என்றார் டாக்டர், என் மாமியாரின் வார்த்தையிலேயே. நான் அழுத அழுகையில் வயிற்றுத் தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் திட்டினார்.

அந்தப் புள்ளி இப்போது பள்ளிக்கூடம் போகிறது, வீட்டுப்பாடம் செய்யச் சொன்னால் தலைவலி என்கிறது. டாக்டர் ஓய்வு பெற்றுத் தம்பி குடும்பத்தோடு இருக்க பிரான்சுக்குப் போய்விட்டார். என்னைப் போன்றவர்களிடம் இப்போது நேராகவே கேட்கிறார்கள், பெண்களும் ஒளிக்காமல் சொல்கிறார்கள் என்று அதே ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்குப் போய்வரும் என் தங்கை சொல்கிறாள். கேட்க நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் டாக்டரை நினைக்கும்போதெல்லாம் என் கண்முன் வருவது அந்த இரண்டாவது ஸ்கேன் முடிந்த மதியம்தான். கட்டில் ஓரமாக நின்றிருந்தார் அத்தை. டாக்டர் உள்ளே வந்ததும், "நான்தான் சுளுக்குன்னு நெனச்சு தைலம் தேய்ச்சேன் மதாம்" என்றார் தலை குனிந்தபடி. டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை தேய்ச்சீங்கம்மா. அத வெச்சுத்தான் கண்டுபுடிச்சேன். இல்லன்னா உங்க மருமவ வாயில இருந்து ஒரு வார்த்த வந்திருக்குமா?"

அத்தை என்னைப் பார்த்தார். "இப்ப எப்படி இருக்கு? உள்ளத சொல்லு" என்றார்.

"வலிக்குது அத்தை" என்றேன்.

அவ்வளவுதான். அரிசி இல்லை என்று சொல்லவே பயப்படுகிற என் மாமியார், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடி, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "சிஸ்டர்! எம் மருமவளுக்கு வலிக்குதாம், சீக்கிரம் வாங்க!"