தண்ணீருக்குள் ஒரு கை

நீச்சல்குளத்து வாசலில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுப்பவளை எல்லோரும் டிக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். ஒருமுறை வீட்டில் கணவரே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, அன்று முழுக்கப் பேச்சு வாங்கினார்.

வேலை என்னவோ தண்ணீர் ஓரத்தில். ஆனால் அவளுக்கும் தண்ணீருக்கும் ஏழாம் பொருத்தம். காலையில் வந்து பூட்டைத் திறப்பாள், ஓடு பதித்த ஓரங்களைத் தேய்த்துத் தள்ளுவாள், நீளக் கம்பில் கட்டிய வலையால் மிதக்கும் இலைகளை வாரி எடுப்பாள். கணுக்காலுக்கு மேல் ஒரு நாளும் நனைந்ததில்லை. சின்ன வயதில் ஒரு வாய்க்காலில் வழுக்கி விழுந்து, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, யாரோ முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போதுகூட மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

இலை வாரக் குனியும்போது அவளுடைய செல்போன் சட்டைப்பையிலிருந்து நழுவிக் குளத்துக்குள் போயிற்று. புதிதாக வாங்கியதும் அதே வழியில் போயிற்று. கப்பலில் வேலை பார்க்கும் தம்பி விடுமுறைக்கு வந்திருந்தபோது இதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கிளம்புகிற அன்று தன் பையிலிருந்து ஒரு கேமராவை எடுத்து அவள் கையில் வைத்தான். சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும். ஆரஞ்சு நிறம், மூலைகளில் கீறல்.

"நீ எதைக் கையில எடுத்தாலும் அது தண்ணியிலதான் போய் முடியுதுக்கா. இது தண்ணிக்குப் பயப்படாது. வெச்சுக்கோ."

"நான் பயப்படுவேனேடா."

"நீ ஏன் இறங்கணும்? கையை மட்டும் விடு."

பக்கவாட்டு மூடியை எப்படிப் பூட்டுவது, பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு எங்கே இருக்கிறது, மூடிக்குள் ஓடும் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடிகூட ஒட்டியிருக்கக் கூடாது என்பதையெல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

குளத்து மேனேஜரிடம் கேட்டாள். "ஆள் குளிக்கற நேரத்துல கேமராவே வெளிய வரக்கூடாது. திறக்கறதுக்கு முன்னாடி என்னமோ பண்ணிக்கோ" என்றார். அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலை குளம் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் ஓரத்தில் குப்புறப் படுத்து, கையை முழங்கை வரைக்கும் விட்டு, எதையும் பார்க்காமல் பொத்தானை அமுக்கினாள். கையை வெளியே எடுத்து, துடைத்து, சின்னத் திரையைக் கண்ணருகே கொண்டுபோனாள். அப்படியே படுத்துக் கிடந்தாள்.

உள்ளே இன்னொரு வெயில் இருந்தது. தரை ஓடுகள் மேல் வெளிச்சம் ஒரு வலையைப் போல விரிந்து கிடந்தது. நீலம் போகப் போக அடர்ந்து, தூரத்தில் சுவரே இல்லாதது போல் கரைந்திருந்தது. மேலே, தண்ணீரின் கூரையில், அவள் வாரி எடுக்க மறந்த ஒரு இலை, ஆகாயத்தில் நிற்கும் பறவை மாதிரி நின்றது. இத்தனை வருஷமாகத் தான் கூட்டிப் பெருக்கிய இடத்துக்கு அடியில் இப்படி ஒரு ஊரா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. அன்று கூண்டுக்குள் உட்கார்ந்து இரண்டு பேருக்குச் சில்லறை கொடுக்காமலே விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் தினமும் இதே வேலைதான். மழை பெய்யும் காலையில் உள்ளிருந்து பார்த்தால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளி ஆணியாக இறங்கியது. மேகம் மூடிய நாளில் குளம் பாலில் கரைத்த நீலமாகிவிடும். வேலை முடிந்ததும் கேமராவை ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு, குழந்தையைத் துவட்டுவது போலத் துவட்டுவாள். கணவர் ரொட்டிக் கடையில் அடுப்பு பார்ப்பவர். மாவு படிந்த புருவத்தோடு வந்து உட்கார்ந்து, திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாப் படத்துலயும் தண்ணிதானே இருக்கு" என்பார்.

"உங்க கடையில எல்லாத் தட்டுலயும் ரொட்டிதானே இருக்கு?" என்பாள்.

தையல்காரர் ஒருவர் எல்லோருக்கும் முன்னால் வந்து குளத்தில் இறங்குவார். விபத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது. அந்தக் கால் செருப்புக்கு மட்டும் அடியில் கட்டை வைத்துத் தைத்திருப்பார். காலுக்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், திறப்பதற்கு முன்பே வர மேனேஜர் அனுமதித்திருந்தார். குப்புறப் படுத்திருந்தவளைப் பார்த்து ஒரு நாள், "என்னம்மா, மோதிரம் விழுந்துடுச்சா?" என்று பதறினார். அவள் எழுந்து படங்களைக் காட்டினாள். நின்று நிதானமாகப் பார்த்தார்.

"என்னையும் ஒண்ணு எடேன்."

அவர் நீந்தி வந்த திசையில் அவள் கையை நீட்டி அமுக்கினாள். திரையில் படம் வந்தது. அந்த நீலத்துக்கு நடுவே அவர் சாய்ந்து மிதந்தார். முதுகு முழுக்க வெளிச்ச வலை. இரண்டு கால்களும் காற்றில் விட்ட துணி போல நீண்டிருந்தன.

தையல்காரர் ஈரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதுல எந்தக் கால்மா குட்டை?"

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இடது, வலது என்று மாறி மாறிப் பார்த்தாள். சொல்லத் தெரியவில்லை.

"எனக்கும் தெரியல" என்றார் அவர். "இந்தப் படம் எனக்கு வேணும்மா. இன்னிக்கே வேணும்."

அந்த அவசரத்தில்தான் அவள் புத்தி பிசகியது. கை ஈரமாக இருக்கும்போதே மூடியைத் திறந்து, உள்ளிருந்த மெமரி கார்டை எடுத்துக் கொடுத்தாள். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே இறங்கியதை இருவருமே பார்த்தார்கள். அவர் படத்தைப் பிரிண்ட் போட்டு, துணி வெட்டும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். யார் இது என்று கேட்டவர்களிடம், "எனக்குத் தெரிஞ்சவர்" என்று சொன்னாராம். கேமராதான் அதற்கப்புறம் கண் திறக்கவில்லை.

வீட்டில் அதை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். கணவர் சமாதானம் சொல்லத் தெரியாமல், "கடைக்கு எடுத்துட்டுப் போயி அடுப்புல வெச்சுக் குடுக்கட்டுமா? நல்லா உப்பி வரும்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகம் சுருங்கிப் போய், அன்று பாத்திரமெல்லாம் தானே கழுவி வைத்தார்.

கேமரா இல்லாத காலைகளில் குளத்து ஓரம் வெறிச்சென்று இருந்தது. அவள் படியில் உட்கார்ந்து மேலிருந்தே பார்ப்பாள். மேலிருந்து பார்த்தால் அது வெறும் தண்ணீர். கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்தவளுக்கு அது மூடிய கதவு மாதிரி இருந்தது. ஒரு காலை, யாரும் எடுத்துப் போகாத பொருள்கள் கிடக்கும் பெட்டியிலிருந்து ஒரு நீச்சல் கண்ணாடியை எடுத்துக் கழுவினாள். படியோரக் கைப்பிடிக் கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி. இடுப்பளவுக்குத் தண்ணீர் வந்ததும் பற்கள் தந்தியடித்தன.

நீந்திக்கொண்டிருந்த தையல்காரர் பாதியில் நின்றார்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்மா. பக்கத்துல நிக்கறேன், அவ்வளவுதான்."

"விழுந்தா?"

"முடியைப் பிடிச்சு இழுத்துடறேன்."

அவர் வாய்க்கால் கதை எதுவும் தெரியாமல்தான் சொன்னார். அவளுக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. பிறகு, பிடித்து இழுக்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதே தைரியமாக மாறியது. மூச்சைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

படத்தில் வெளிச்சம் நின்றிருந்தது. இங்கே அது நடந்தது. வலை நெளிந்தது, கிழிந்தது, தானே தைத்துக்கொண்டது. அவள் பாதங்கள் எங்கோ தூரத்தில், யாருடையவோ போல வெளுத்துத் தெரிந்தன. உலகத்தின் சத்தமெல்லாம் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. மிஞ்சியது ஒரு மெல்லிய முணுமுணுப்பு. அது தண்ணீரா, தன் ரத்தமா என்று தெரியவில்லை. வாய்க்கால் ஞாபகம் வந்தது. வந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தது. மூச்சு முட்டி நிமிர்ந்தபோது, கம்பியை ஒரு கைதான் பிடித்திருந்தது. மற்றதை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

அரிசியிலிருந்து எடுத்த கேமரா ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று உயிர் பெற்றது. ஆனால் லென்ஸ் கண்ணாடிக்குள் ஒரு மூலையில் ஆவி படிந்தது படிந்ததுதான். எந்தப் படம் எடுத்தாலும் அந்த மூலையில் ஒரு சின்ன மேகம் நிற்கிறது. பழுதுபார்க்கக் கொடுக்கலாமே என்றார் கணவர். அவள் வேண்டாமென்றுவிட்டாள். இப்போது சில காலைகளில் அவரும் அடுப்பை அணைத்த கையோடு வந்து, ஓரத்தில் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை விட்டு அவளைப் படம் எடுக்கிறார். பாதிப் படங்களில் அவருடைய விரல்தான் விழுகிறது.

முடி காயாமலே அவள் கூண்டுக்கு வந்து உட்காருகிறாள். சீட்டு வாங்குகிற யாராவது, "தண்ணி குளிருதாக்கா?" என்று கேட்கிறார்கள்.

"முதல்ல குளிரும்" என்கிறாள். "அப்புறம் தெரியாது."