அப்பா ஏன் படகில் ஏறவில்லை

பெரியவளே, சின்னவனே,

போன வாரம் உங்கள் சித்தி வீட்டு வளைகாப்பில் பந்தி முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கதை சொன்னீர்கள். அப்பாவுக்குத் தண்ணீர் என்றால் பயம், அதனால்தான் கொடைக்கானல் ஏரியில் படகில் ஏறாமல் கரையிலேயே நின்றுவிட்டார் என்று. சித்தி சிரித்தாள். சித்தியின் மாமியார் சிரித்தார். யாரென்றே தெரியாத ஒருவர் என் தோளைத் தட்டி, "எனக்கும் கெணறுன்னா கொஞ்சம் உதறல்தான் சார்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அங்கே வாயைத் திறந்தால் விசேஷ வீட்டில் சண்டையாகிவிடும் என்று பேசாமல் வந்துவிட்டேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். கம்பெனியில் தோல் வெட்டுகிறவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் நடந்தது நடந்தபடி ஓர் இடத்தில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

படகு விஷயம் கொடைக்கானலில் ஆரம்பிக்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் உங்கள் அம்மாவை ஏலகிரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேயும் ஏரி உண்டு, படகு உண்டு. ஆனால் நாங்கள் போன அன்றைக்குத் தண்ணீர் கம்மி என்று படகுகளை எல்லாம் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். உங்கள் அம்மா ஒரு படகின் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் பாலாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். அந்த ஆற்றில் அவள் அதிகம் பார்த்தது மணல்தான். வெள்ளம் வந்தபோதுகூட பாலத்தின் மேல் நின்று பார்த்ததோடு சரி. அன்றைக்கு நான் வீறாப்பாகச் சொன்னேன், "இது ஒரு ஏரியா? இத விட பெரிய ஏரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு பேரும் போட்ல போலாம்." சொல்லிப் பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. அவள் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தே அத்தனை வருஷமும் போனது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது, "இன்னாங்க, போட் இன்னா ஆச்சு?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். ஆனால் கேட்பாள்.

போன வருஷம் இரண்டு பேர் கம்பெனிக்கும் சேர்ந்தாற்போல் லீவு வந்தது. கொடைக்கானலுக்குப் போய் ஒரு பகல் இருந்துவிட்டுத் திரும்புவது என்று முடிவானது. அதுவரைக்கும் எல்லாம் சரி. நான் செய்த தப்பு, இதை உங்கள் மாமாவிடம் சொன்னது.

உங்கள் மாமாவைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் பதனிடும் இடத்தில், தோலையும் மருந்தையும் போட்டுச் சுற்றுகிற டிரம்மை ஓட்டுகிறவர். நல்ல வேலைக்காரர். ஆனால் கல்யாண வீடுகளில் பிரியாணி மாஸ்டருக்குக் கையாளாக வேலை செய்து செய்து தானும் ஒரு மாஸ்டர் என்ற நினைப்பு வந்துவிட்டது. ஊர் சுற்றப் போகிறோம் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பிரியாணி செய்ய டேக்சா எது எடுத்துக்கலாம் மாப்ள?"

"இன்னாத்துக்கு மச்சான் டேக்சா? அங்க ஓட்டல் இல்லையா?"

"ஆம்பூர்க்காரன் வெளியூர் போயி பிரியாணி வாங்கித் துன்னான்னு வெளிய தெரிஞ்சா நான் தெருவுல நடக்க முடியுமா?"

பிரியாணிதான் சாப்பிட வேண்டும் என்று யார் சொன்னது? அதை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அத்தைக்கு வண்டி மலையேறினால் வாந்தி வரும், அதனால் வரவில்லை. நல்லவேளை அவள் வரவில்லை. நாம் நான்கு பேர், மாமா, வேன் ஓட்டிய பாய் என்று ஆறு பேர். ஆறு பேருக்கு மூன்று கிலோ சீரகச் சம்பா, மூன்று கிலோ கறி. கறியை முதல் நாள் சாயங்காலமே வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டார். அண்டா மாதிரி இருந்த அந்த டேக்சாவைப் பின்சீட்டில் வைத்து, அது ஆடாமல் இருக்க உங்கள் இருவரையும் பக்கத்துக்கு ஒருவராக உட்கார வைத்தோம். நினைவிருக்கிறதா?

மலை அடிவாரத்தில் செக்போஸ்டில் நிறுத்தினார்கள். ஈ-பாஸ் கேட்டார்கள். புறப்படும் முன்பே நான் மாமாவிடம் இதைக் கேட்டிருந்தேன். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க மாப்ள, பேஜார் பண்ணாதீங்க" என்றார். கேட்டார்கள். ஓரமாக நிறுத்திப் போனில் பதிவு செய்யப் பார்த்தால் சிக்னல் வருகிறது, போகிறது. பெரியவளே, கடைசியில் நீதான் கல் மேல் ஏறி நின்று முடித்துக் கொடுத்தாய். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. மாமா ஐஸ் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏரிக்கரைக்கு வந்து இறங்கியபோது மணி பத்தரை. நல்ல வெயில். தண்ணீர் மேல் சின்னச் சின்னப் படகுகள். வரிசையில் அதிகக் கூட்டமில்லை. உங்கள் அம்மா புதிதாக வாங்கிய கருப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, "இன்னாங்க, மொதல்ல போட்ல போய்ட்டு வந்துடலாமா?" என்று கேட்டாள்.

மாமா பதறிவிட்டார். "கறி கெட்டுடும் பாப்பா!"

"ஒரு அரை மணி நேரம்ண்ணா."

"ஏறி எறங்கி வர்றதுக்குள்ள மதியம் ஆய்டும். போட் எங்க போய்டப் போவுது?"

நானும் சொன்னேன். அதை மறைக்கப் போவதில்லை. "சமைக்க ஒரு எடம் பாத்துக் குடுத்துட்டு ஓடியாந்துர்றேன்" என்று நான்தான் சொன்னேன்.

ஏரிக்கரையில் அடுப்பு மூட்டக் கூடாது என்று காவலாளி சொன்னார். அவர் சொன்னது நியாயம். மாமாவுக்கு மட்டும் அது அநியாயமாகத் தெரிந்தது. "கேஸ் அடுப்பு சார், பொகையே வராது" என்று வாதாடினார். காவலாளி விசிலை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார். அடுத்து வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனோம், அங்கேயும் துரத்தினார்கள். அடுத்து ஒரு மரத்தடி. கீழே இறக்கி வைத்த பிறகுதான் அது ஒரு விடுதியின் வாசல் என்று தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் டேக்சாவை நானும் பாயும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம். எதிரில் வந்த புதுக் கல்யாண ஜோடி ஒன்று எங்களைப் படம் பிடித்தது.

கடைசியில் மேட்டில் டீக்கடை வைத்திருந்த ஒருவர் மனமிரங்கி, கடைக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தரையில் சமைத்துக்கொள்ளச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் இரண்டு மரங்களுக்கு நடுவில் ஏரி தெரிந்தது. படகுகளும் தெரிந்தன. மணி பன்னிரண்டரை.

உங்கள் அம்மா இரண்டாம் தடவை கேட்டாள். "கூட்டம் ஏறுதுங்க."

"இதோ, அடுப்பு பத்த வெச்சதும்."

அடுப்பு பற்றியது. கறி கொதித்தது. கொதித்துக்கொண்டே இருந்தது. மாமா ஒரு துண்டை எடுத்துப் பிய்த்துப் பார்த்தார். ரப்பர் மாதிரி இழுத்தது. "ஆடு கொஞ்சம் முத்தல்" என்றார். அப்போதுதான் பெரியவளே, நீ சொன்னாய்: "மாமா, மலை மேல தண்ணி கம்மி சூட்டுலயே கொதிச்சிடும். கொதிக்குதே தவிர வேகாது. சயின்ஸ் மிஸ் சொன்னாங்க."

"உங்க மிஸ் எத்தினி டேக்சா எறக்கி இருக்காங்க?" என்றார் மாமா.

உன் பேச்சை அப்போதே கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. மாமாவுக்கு எல்லாமே டைமிங்தான். டிரம் ஓட்டுகிறவர் அல்லவா? தோல் இத்தனை மணி நேரம், மருந்து இத்தனை மணி நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்தே பழகியவர். அரிசியை உலையில் போட்டுக் கையைத் திருப்பிக் கடிகாரம் பார்த்தார். ஆம்பூரில் எத்தனை நிமிஷமோ அத்தனை நிமிஷம். வடித்தோம். கறியோடு சேர்த்தோம். மூடி போட்டு, சுற்றிலும் மைதா மாவு அப்பி, மேலே டீக்கடைக்காரரின் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்துத் தம் போட்டோம். மாமா கடிகாரம் பார்த்தார். பிரித்தார். ஒரு பருக்கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நசுக்கினேன். நசுங்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் தண்ணி தெளிச்சு விடலாம் மாப்ள."

"தண்ணி மாறினா தோலே மாறிடும்னு நீங்கதானே சொல்வீங்க? இது மலை மச்சான்! இங்க தண்ணி வேற, காத்து வேற. உங்க வாச்சு மட்டும் அதே வாச்சு!"

"கோவப்படாதீங்க. மூடியப் புடிங்க."

பிடித்தேன். அதுதான் எனக்கே இன்றுவரைக்கும் புரியவில்லை. கத்திக்கொண்டே மூடியைப் பிடித்தேன். இரண்டு தடவை தண்ணீர் தெளித்தோம், இரண்டு தடவை புது மாவு அப்பினோம். வெட்டுகிற மேசையில் ஒரு தோலைப் பாதியில் விட்டுவிட்டு என்னால் எழுந்து போக முடியாது. அந்தப் புத்தி மலைக்கும் என்னோடு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். இந்தச் சோறு வெந்தால்தான் நான் நகர முடியும் என்பது போல ஒரு பிடிவாதம்.

உங்கள் அம்மா மேட்டுக்கு ஏறி வந்து பக்கத்தில் நின்றாள். டேக்சாவைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மேலே வானத்தைப் பார்த்தாள். எதிர் மலையில் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை. உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். டீ குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். டீக்கடை மேலேதானே இருக்கிறது என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் பெரியவளே, நீ மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாய். "அப்பா, அம்மா டிக்கெட் எடுத்துட்டாங்க. நாலு பேருக்கு. ஒடனே வரச் சொன்னாங்க."

நான் என்ன சொன்னேன்? "ரெண்டு நிமிஷம்மா" என்றேன்.

நீ போய்விட்டாய். பாய் தலையை நிமிர்த்தி, "ண்ணா, நீங்க போங்க ண்ணா, மூடிய நான் புடிக்கிறேன்" என்றார். அவர் சொன்னது காதில் விழுந்தது. "இதோ" என்றேன். அந்த மனுஷனும் எவ்வளவுதான் சொல்வார்? பிறகு நான் நிமிர்ந்தபோது இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒரு மஞ்சள் படகு போய்க்கொண்டிருந்தது. முன்னால் உங்கள் அம்மாவும் பெரியவளும் மிதிக்கிறார்கள். பின்னால் சின்னவன். அவன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் அம்மாவின் கைப்பை. சின்னவனே, நீதான் முதலில் என்னைப் பார்த்துக் கையாட்டினாய். நானும் ஆட்டினேன். கையில் கரண்டி இருந்தது, கரண்டியையே ஆட்டினேன். உங்கள் அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"மாப்ள, மூடி! ஆவி போவுது!" என்றார் மாமா.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். செருப்பு வழுக்கி ஒரு இடத்தில் உட்கார்ந்தே இறங்கினேன். படகுத்துறைக்கு நான் போய்ச் சேர்வதற்கும் மூட்டம் ஏரி மேல் இறங்குவதற்கும் சரியாக இருந்தது. படகுகளை எல்லாம் விசில் அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இன்னிக்கி அவ்ளோதான் சார், இனிமே விட மாட்டோம்" என்றார் துறையில் இருந்தவர். "என் டிக்கெட் உள்ள போயிருக்கு சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

நீங்கள் மூவரும் இறங்கி வந்தீர்கள். உங்கள் அம்மாவின் புடவைக் கரை நனைந்திருந்தது. "காலு வலிக்குதுங்க. நாள் பூரா மெஷின் மிதிக்கிற காலுதானேன்னு நெனச்சேன், இது வேற மாதிரி இழுக்குது" என்றாள். அப்புறம் கேட்டாள், "சோறு வெந்துதா?"

"இல்ல."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி முடித்திருப்பேன். டீக்கடையில் நாம் ஆறு பேரும் பிரெட் ஆம்லெட் சாப்பிட்டோம். ஆம்பூர்க்காரர் உட்பட. அவருக்கு இரண்டு பிளேட். அந்த டேக்சாவை அப்படியே தூக்கி வேனில் வைத்து, மலை இறங்கி அடிவாரத்துக்கு வந்ததும் ஒரு புளியமரத்தடியில் மறுபடி அடுப்பில் ஏற்றினார். கால் மணி நேரத்தில் வெந்துவிட்டது. "பாத்தீங்களா, டைமிங்தான்" என்றார். எனக்கு அழுவதா அவரைத் தள்ளிவிடுவதா என்று தெரியவில்லை. பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

இதுதான் நடந்தது. இதில் தண்ணீர் எங்கே, பயம் எங்கே?

வளைகாப்பிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில், பெரியவளே, நான் உன்னைக் கேட்டேன், அப்பாவுக்குப் பயம் என்று உனக்கு யார் சொன்னார்கள் என்று. "அம்மாதான். போட்ல போறப்போ தம்பி கேட்டான், அப்பா ஏன் வரலன்னு. அப்பாவுக்குத் தண்ணின்னா பயம்டா, பாவம்னு அம்மா சொன்னாங்க" என்றாய்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மாவிடம் கேட்டேன். அவள் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"பின்ன இன்னா சொல்றது புள்ளைங்ககிட்ட? பதினாலு வருசமா சொல்லிக்கினு இருந்த மனுசன், கரண்டிய கீழ வெக்க மாட்டேன்றாருன்னு சொல்றதா? பயம்னா பரவால்ல. யாருக்கும் வரும்."

ஆகவே பிள்ளைகளே, உங்கள் அம்மா சொன்னது பொய். எனக்காகச் சொன்ன பொய். அதை இனிமேல் நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். எனக்குத் தண்ணீர் பயமில்லை. என் கையை யாரும் பிடித்துக் கட்டி வைக்கவுமில்லை. கரண்டியைக் கீழே வைத்திருக்கலாம், வைக்கவில்லை. யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இந்த வருஷம் லீவுக்குத் திரும்பவும் அங்கே போகிறோம், டேக்சா வராது என்று நேற்றே உங்கள் மாமாவுக்குப் போன் செய்து கறாராகச் சொல்லிவிட்டேன். அவர் "புரியுது மாப்ள. உங்க பொண்ணு சொன்ன சயின்ஸ நானும் விசாரிச்சேன்" என்றார். மனுஷன் திருந்திவிட்டார் என்று ஒரு நிமிஷம் நம்பினேன்.

"பெரிய குக்கரா ஒண்ணு எடுத்துக்கலாம்" என்றார்.