ராசியில்லாத கம்ப்யூட்டர்

மதிவதனிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். பேச்சில் ஒரு ‘ங்க’ விழுகிற இடத்தில் மூன்று விழும். சூலூருக்குத் தெற்கே தோட்டத்து வீட்டில் அவளோடு பத்து வருடம் குடித்தனம் நடத்திய ஆறுச்சாமிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் 1997ஆம் வருடத்தில் எட்டு மாதம் அந்த மனிதர் ஒரு விஷயத்தை அவளிடம் சொல்லாமல் மறைத்தார். நினைத்தால் இப்போதும் நமக்கே வயிறு எரிகிறது.

அவள் பெருந்துறைப் பக்கத்துப் பெண். பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள், டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள். கல்யாணமாகி வந்த அன்றே அந்தச் சான்றிதழ்கள் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் போய்விட்டன. அதற்குப் பிறகு தென்னந்தோப்பு, மாடு, ஆட்களுக்குச் சோறு, அவ்வளவுதான். மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீராக அவள் அண்ணன் ஃப்ரிட்ஜ் வாங்கித் தருவதாக இருந்தார். ஃப்ரிட்ஜ் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவள் ஒரே பிடியாக நின்று வாங்கிக்கொண்டாள். சீர்த்தட்டுகளுக்கு நடுவே சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டி வந்து இறங்கியதைச் சொந்தபந்தம் எல்லாம் வேடிக்கை பார்த்தது. மாமியார் சென்னியம்மாளுக்கு மட்டும் முகம் சுண்டிப்போயிற்று. பாவம், ஐஸ் தண்ணீருக்கு ஆசைப்பட்டிருந்தார்.

தேங்காய் போட்டுவைக்கிற பின்பக்க அறையைச் சுண்ணாம்பு அடித்து அவளுக்குக் கொடுத்தார்கள். ஒரே மத்தியானத்தில் ஆறுச்சாமியே லைட்டு, ஃபேன், பிளக்குக்கு ஒயர் இழுத்து முடித்தார். அன்றைக்கு அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

கல்யாணப் பத்திரிகையில் ஆரம்பித்து, காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட் வரைக்கும் வேலை வந்தது. பிறகு யாஸ்மின் என்று ஓர் ஆராய்ச்சி மாணவி கோயம்புத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசனத்தைப் பற்றிய தன் ஆய்வேட்டைக் கொடுத்தாள். கையெழுத்துப் பிரதி முந்நூறு பக்கம். மதிவதனி அதை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் டைப் அடிக்கவே உட்கார்ந்தாள்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் உட்காரவிட்டால்தானே. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று திரை கறுத்துவிடும், தானாகவே மறுபடி எழும். வாரத்தில் மூன்று நாளாவது இந்தக் கூத்து நடக்கும். சில மாதத்தில் அடியோடு எழவே மறுத்தது. கறுப்புத் திரையில் ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வரி நிற்கும். அவள் புத்தகம் வாங்கிப் படித்தாள். மூடியைக் கழற்றி, மெமரி அட்டையை உருவி, அதன் ஓரத்தை மகளின் ரப்பரால் தேய்த்துச் செருகினாள். பூட் ஃப்ளாப்பி போட்டு இரண்டு முறை தானே எழுப்பிவிட்டாள். மூன்றாம் முறை முடியவில்லை.

காந்திபுரத்துக் கடையிலிருந்து வெங்கடபதி என்ற சர்வீஸ்காரன் வந்தான். எதிரில் நின்ற மதிவதனியை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக ஆறுச்சாமியிடம், “ஏனுங்ணா, ஊட்ல லேடீஸ் யாராச்சும் தொடறாங்களா?” என்று கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்ட வாயில் ஒன்று போட்டிருக்க வேண்டும். ஆறுச்சாமி தலையைத்தான் ஆட்டினார். வைரஸ் என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவன் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்தான். ஃப்ளாப்பியில் ஏற்றாமல் இருந்த இரண்டு அத்தியாயங்கள் ஒழிந்தன. கண்ட பட்டனை அமுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள் என்ற புத்திமதி வேறு.

அடுத்த வாரமே பெட்டி மறுபடி படுத்துக்கொண்டது. சென்னியம்மாளுக்கு அது போதும். பெட்டிக்கும் ராசியில்லை, தொடுகிற கைக்கும் ராசியில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். திருப்பூரில் இருக்கும் தன் தம்பி மகனிடம் இதைத் தள்ளிவிட்டு ஃப்ரிட்ஜ் வாங்கிவிடலாம் என்றார். ஆறுச்சாமி அதற்கும் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை வேன் வருவதாக முடிவாயிற்று.

மதிவதனிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெட்டி போனால் ஆய்வேடும் போகும், மறுபடி பீரோவும் பட்டுச்சேலையும்தான். பெட்டி படுத்த தேதியையும் நேரத்தையும் மகளின் பழைய நோட்டில் அவள் குறித்துவைத்திருந்தாள். புதன்கிழமை அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வாரம் முழுக்கக் காலை ஒன்பதை ஒட்டியே நின்றிருக்கிறது, அடுத்த வாரம் மத்தியானம் மூன்றை ஒட்டி, அதற்கடுத்த வாரம் மறுபடி காலை. வைரஸ் கடிகாரம் பார்த்தா வரும்? வாரம் மாறினால் நேரம் மாறுவது அந்தத் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான். கிணற்று மோட்டாருக்கு மூன்று பேஸ் கரண்ட் ஒரு வாரம் காலையில் வரும், மறு வாரம் மத்தியானம் வரும்; மற்ற நேரத்தில் அந்த லைனில் பல்பு எரியும், மோட்டார் ஓடாது.

ஆனால் மோட்டாரின் லைன் வேறு, வீட்டு லைன் வேறு. வீட்டுக்கு மீட்டர் உண்டு, மோட்டார் கரண்ட் விவசாயிக்கு இலவசம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வியாழன் காலை அவள் வீட்டு மீட்டர் பெட்டியில் ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கினாள். சமையலறை ஃபேன் நின்றது, மாமியாரின் டி.வி. அணைந்தது. பின்பக்க அறைக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே பல்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

ஓட்டுக்கு அடியில் வெளியேறிய ஒயரின் பின்னாலேயே நடந்தாள். தென்னை மரத்துக்கு மரம் கட்டி, அது நேராகக் கிணற்றடி மோட்டார் ரூமுக்குள் போயிற்று. நம் ஆட்களுக்கு இலவசமாக ஒன்று ஓடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில் கரண்ட்டை இழுத்துக்கொள்ளும், அதே லைனில் இருந்த கம்ப்யூட்டர் மூச்சுமுட்டி விழும். எட்டு மாத ராசி இதுதான்.

ஆறுச்சாமி வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, அந்த ரூமுக்கு மோட்டார்லீங்களா ஒயரு இழுத்தீங்க?”

அவர் அசடு வழிந்தார். ஒரு லைட்டு, ஒரு ஃபேன்தானே என்றார். வெளியே தெரிந்தால் லைன்மேன் மோட்டார் கனெக்‌ஷனையே பிடுங்கிவிடுவான் என்றார்.

“எனக்கு ராசியில்லீன்னு சொன்னப்பவெல்லாம் நீங்க பக்கத்துலதானுங்களே நின்னீங்க? மோட்டார்னாலதான்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு அவர் சொன்னார்: “ரண்டு மாசமா சந்தேகந்தான் அம்மணி. அம்மாகிட்ட வேற என்னமோ லைன் கோளாறுன்னு சொல்லிப்போடலாம், உடு.”

அந்த ‘உடு’தான் அவளைச் சுட்டது. மோட்டார் ரூமுக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். மூன்று ஃப்யூஸ் கேரியரையும் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள். காலையில் பிடுங்கிய வீட்டு ஃப்யூஸைத் திரும்ப மாட்டினாள். கூடத்து பிளக்கிலிருந்து பின்பக்க அறைக்கு ஒயர் நீட்டி, பூட் ஃப்ளாப்பியைச் செருகினாள். அரை மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு பெட்டி எழுந்து நின்றது.

தோப்பில் தண்ணீர் நின்றுவிட்டது. புதுத் தென்னம்பிள்ளைகளுக்குப் பாய்ச்சுகிற முறை அது. மோட்டார் ஏன் ஓடவில்லை என்று சென்னியம்மாள் கூப்பாடு போட்டுக்கொண்டு வந்தார். ஆறுச்சாமி சேற்றுக் காலோடு பின்னால் வந்து நின்றார்.

“உங்க பையனைக் கேளுங்கத்தை. அவங்க சொன்னதுக்கப்புறம் ஃப்யூஸைத் தர்றேனுங்க.”

வேறு வழியில்லாமல் அவர் சொன்னார். சென்னியம்மாள் முழுக்கக் கேட்டார். மதிவதனி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஃப்யூஸைக் கொடுத்தாள். தொடுகிற கைக்கு ராசியில்லை என்று ஊரெல்லாம் சொன்னது தான்தான் என்பது சென்னியம்மாளுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை வேன் வந்தது. பெட்டி எங்கே என்று தம்பி மகன் கேட்டதும் சென்னியம்மாள், “அதை இவனே சொல்லுவான்” என்று மகனைக் கைகாட்டினார். உறவுக்காரர் முன்னால், டிரைவர் முன்னால், ஆறுச்சாமி இரண்டாவது முறையாக எல்லாவற்றையும் சொன்னார். மதிவதனி உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள். கோபம் தீரவில்லை.

வேன் போனதும் யாஸ்மினின் கையெழுத்துப் பிரதியில் அழிந்துபோன இரண்டு அத்தியாயங்களை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அறுபது பக்கம். மூன்று மத்தியானம் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தார், அவள் டைப் அடித்தாள். சத்தம் இறங்கும்போதெல்லாம், “எனக்குக் கேக்கலீங்க, மறுபடி சொல்லுங்க” என்றாள்.