காப்பி மேல் போட்ட பழி

என் தங்கச்சி காப்பி அகர் தின்றே வயிற்றுப் பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்ட லயத்தில் இன்னும் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவள் கையால் அந்த அகரை வாங்கித் தின்று, தட்டை வழித்து நக்கியவர்கள். அதை நான் மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவன் நான். பள்ளிக்கூடத்தை ஆறாவதுக்கு முன்னாலேயே விட்டவன். எழுத வந்த அளவுக்கு எழுதுகிறேன்.

அவள் பேர் திலகம். அப்பாவும் அம்மாவும் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் சின்ன வயதிலேயே செகிஞ்சானில் ஒரு சீனர் காப்பிக் கடைக்கு கோப்பை மங்கு கழுவப் போனாள். கடைக்காரர் பெண்சாதிதான் அவளுக்குக் காப்பி அகர் செய்யச் சொல்லிக் கொடுத்தது. கடற்பாசியைக் காய்ச்சி ஆறவைத்துத் துண்டு போடுகிற இனிப்பு அது. அடியில் காப்பி கலந்த கறுப்பு, மேலே தேங்காய்ப்பால் வெள்ளை. ரெண்டும் ஒட்டியிருக்கும், கலக்காது. தீபாவளிக்கு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுத் தட்டிலும் திலகத்தின் அகர் இருக்கும்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற அழகேசனுக்குக் கட்டிக் கொடுத்தேன். நல்லவன்தான். ஆனால் அவன் அம்மா பூரணம் இருமச் சொன்னால் இருமுவான்.

எண்பத்திரண்டாம் வருஷம் திலகம் முழுகாமல் இருந்தாள். மசக்கையில் சோறு தங்கவில்லை. குளிர்ந்த அகர் மட்டும் உள்ளே போனது, உள்ளேயே நின்றது. கண்டதைத் தின்கிற முட்டாள் இல்லை அவள். கிளினிக்கில் நர்ஸ் சரோஜினி மிசியிடம் கேட்டிருக்கிறாள். எனக்கு அதை நடித்தே காட்டினாள்.

"காப்பி குடிக்கலாமா மிசி?"

"லேசா, ஒரு நாளைக்கு ஒரு கோப்பை. அதுக்கு மேல வேணாம்லா."

"அகர்ல போட்டுத் தின்னா?"

"அதுவும் காப்பிதானே? நீ குடிச்சியா கடிச்சியான்னு வயித்துக்குள்ள இருக்கறதுக்குத் தெரியுமா?"

அன்றோடு காலைக் காப்பியை விட்டாள். தேங்காய்ப்பாலை நன்றாகக் கொதிக்கவைத்து, காப்பியை லேசாகப் போட்டு, மத்தியானம் சின்னத் துண்டு ஒன்று. அவ்வளவுதான். வாயும் வயிறும் ஆசைப்பட்டதை அவள் மிசியின் அளவுக்குள் அடக்கிக்கொண்டாள்.

பூரணத்துக்கு அது பொறுக்கவில்லை. குழாயடியில் நாலு பேர் முன்னால் ஆரம்பித்தது.

"காப்பியாத் திங்கிறா. புள்ள கருகருன்னு பொறக்கப் போவுது."

"இல்லாட்டி மட்டும்? நீங்க என்ன வெள்ளக்கார தொரை மகளா அத்தே?"

குழாயடியே சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பூரணம் மன்னிக்கவே இல்லை.

ஏழாம் மாதம் வளையல் அடுக்கினார்கள். கிள்ளானிலிருந்து கண்ணாடி வளையல் நான்தான் வாங்கிப் போனேன். அவள் கைக்கு ஒரு சுற்று பெரிதாகவே பார்த்து வாங்கியிருந்தேன். ஏறவில்லை.

"அண்ணங்காரன் பொம்மைக்கு வாங்கியாந்துட்டான்டி!" என்று பக்கத்து வீட்டுத் தங்கமணி கத்த, பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். கை இட்லி மாதிரி உப்பியிருந்தது. முகமும் அப்படித்தான். சவக்கார நுரை தடவி ஏற்றினார்கள். ரெண்டாவது வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழித்தது.

"தலை இடிக்குதுண்ணே. கண்ணும் மங்கலாத் தெரியுது" என்றாள் என்னிடம்.

பூரணத்தின் காதில் விழுந்துவிட்டது. "காப்பிச் சூடு! கையில எறங்கி நிக்குது. நான் அப்பவே சொன்னேன்ல?" என்று விருந்துக்கு வைத்திருந்த அகரைத் தட்டோடு தூக்கிக்கொண்டு போய்க் கோழிக்குக் கொட்டியது. "இன்னையோட நிறுத்து. பார்லித் தண்ணி குடி. தானா வடிஞ்சிரும்."

"மாப்ள, கிளினிக்குக்குக் கொண்டு போவோம். வெளிய லோரி நிக்குது" என்றேன்.

அழகேசன் என்னைப் பார்க்கவில்லை. அவன் அம்மாவைப் பார்த்தான்.

"புள்ளத்தாச்சியப் பழ லோரியில ஏத்துவானாம்! பழக் கொலையோட கொலையா ஃபேக்டரியில கொட்டிடாத" என்றது பூரணம். மறுபடியும் சிரிப்பு. சரி, என் வீட்டுக்காவது அனுப்புங்கள் என்றேன். பொம்பளை இல்லாத வீட்டில் பிரசவம் யார் பார்ப்பது என்று வாயை அடைத்தார்கள். நான் கல்யாணம் ஆகாதவன்.

மிசி வரச் சொல்லியிருந்த நாளுக்கும் விடவில்லை. "அதான் காப்பிய விட்டுட்டியே, அப்புறம் எதுக்குக் கிளினிக்கு?" அந்த வீட்டு வைத்தியம் அவ்வளவுதான். காப்பி நின்றது. வீக்கம் நிற்கவில்லை.

அந்த வாரமே வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிள்ளைக்கு உயிர் இல்லை. ஆண் பிள்ளை.

இது ரத்தக் கொதிப்பு, அவள் தின்ற காப்பி இதைச் செய்யவில்லை, கை வீங்கி தலை வலித்த அன்றே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று டாக்டர் எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னார். பூரணம் தலையைத் தலையை ஆட்டியது. லயத்துக்குப் போனதும் சொன்னது வேறு. "புள்ளையப் பாத்தேன். உடம்பெல்லாம் காப்பி நெறம்." வயிற்றிலேயே செத்த பிள்ளை வேறு என்ன நிறத்தில் இருக்கும்? அதைக் கேட்க அங்கே ஒருத்தருக்கும் வாய் இல்லை. அழகேசனும் அந்த டாக்டர் பேச்சைக் கேட்டவன்தான். அவனும் பேசவில்லை.

அதற்கப்புறம் திலகம் காப்பியைத் தொடவில்லை. அகர் கிண்டவில்லை. யார் வீட்டு வளையல் அடுக்குக்கும் அவளைக் கூப்பிடவில்லை. பூரணத்துக்கு மட்டும் தினமும் விடிகாலையில் காப்பி கலக்கிக் கொடுத்தாள். திலகத்துக்கு ரத்தக் கொதிப்பு இறங்கவே இல்லை, கிட்னியைத் தின்றுவிட்டது. எண்பத்தெட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். மறுபடியும் கை வீங்கியிருந்தது.

"பதினாறுக்குப் படையல் போடுவீங்கல்லண்ணே?"

"வாய மூடு."

"கேளுங்க. செத்தவங்களுக்குப் புடிச்சதத்தானே வைக்கணும்? காப்பி அகர் வைங்க. செகிஞ்சான் கடையில அந்தம்மா இன்னும் இருக்காங்க, சொன்னா செஞ்சு குடுப்பாங்க. அடியில கறுப்பு நல்லாத் தெரியணும்."

"சரி."

"படையல்ல வச்சத யாரும் வேணாம்னு சொல்லக் கூடாதுல்ல?"

"கூடாது."

"அப்ப மொதத் துண்ட வெட்டி அத்தை கையில குடுங்க. அவங்க தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்கண்ணே."