பேர்ணடெற்றின் சிவப்புக் கோடு

டோர்ச்சைப் பல்லால் கவ்விக்கொண்டு எஞ்சினுக்குள் குனிந்திருப்பார் பேர்ணடெற். கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் பாண் ரொட்டி விற்பவனின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு நுழையும்போதும் நிமிர மாட்டார். அவர் பார்ப்பது ஒரு கோட்டை. எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில், இரண்டின் மேலும் ஓடும்படி சிவப்புக் கியூட்டெக்ஸால் இழுத்த கோடு. அந்த நகப்பூச்சை அவர் ஒருநாளும் நகத்தில் பூசிக்கொண்டதில்லை. குப்பி டாஷ்போட்டுக்குள் கிடக்கிறது. கோடு முறியாமல் இருந்தால், "ஓம், நிக்குது" என்பார். அதற்குப் பிறகுதான் நாங்கள் ஏறலாம்.

நாங்கள் என்றால் முன் சீட்டில் நான், பின் சீட்டில் மூன்று ரீச்சர்மார். எல்லாருக்கும் வெள்ளவத்தையில் வேலை. கார் முப்பது வயதைத் தாண்டிய ஜப்பான் கார். பேர்ணடெற்றுக்கு ஐம்பத்திரண்டு. கணவர் இறந்த பிறகு அந்தக் காரைத் தன் பெயருக்கு மாற்றி, ஓட்டப் பழகி, அதைக்கொண்டே சீவிக்கிறார்.

அவர் கார் ஓட்டுவதைப் பார்த்தால் முட்டைக் கூடை ஏற்றியிருக்கிறாரோ என்று தோன்றும். வீதியில் எந்தக் குழி எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். குழியை விலத்தப்போய், பின்னால் வரும் பஸ்காரனிடம் தூஷணம் வாங்காத நாள் கிடையாது. "அவசரமெண்டா ஓட்டோவில போங்கோ. நான் விழுத்தாமத்தான் ஓட்டுவன்" என்று எங்களிடமும் எரிந்து விழுவார். பெற்றோலும் விலை கூடிய ஒக்டேன் தொண்ணூற்றைந்துதான் அடிப்பார்.

இத்தனை பயத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் காரணம் போன வருஷம் நடந்தது. களனிப் பாலம் தாண்டும்போது ஒரு பிஸ்டனில் ஓட்டை விழுந்து எஞ்சின் செத்துப்போனது. திறந்து பார்த்தால் டிஸ்ரிபியூட்டர் இடம் மாறிக் கிடந்தது. அதைச் சற்றுத் திருப்பினால் எஞ்சினுக்குள் தீப்பொறி முந்திக்கொள்ளும்; கராஜில் அதை 'டைமிங்' கூட்டுவது என்பார்கள். கொஞ்சம் முந்தினால் கார் பாய்ந்து இழுக்கும். அந்தப் பாய்ச்சலைத்தான் 'பிக்கப்' என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அளவுக்கு மிஞ்சினால், பிஸ்டன் மேலே வந்து சேருமுன் பெற்றோல் வெடித்து அதன் தலையிலேயே அடிக்கும்.

"நட் அதிர்வில கழண்டு தானாத் திரும்பியிருக்கும் அக்கா. நீ குழி குழியா விழுத்தி ஓட்டினா எஞ்சின் என்னத்துக்கு ஆகும்?" என்று சொன்னவன் அவரின் தம்பி கிஷாந்த். மாளிகாவத்தை கராஜ்காரர் ரிம்ஸானும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். பேர்ணடெற் நம்பிவிட்டார். காதுத் தோட்டை விற்று எஞ்சினைச் செய்தார். தன் ஓட்டத்தால்தான் கார் கெட்டது என்று குனிந்த தலையோடு ஒரு வருஷம் ஓட்டினார். இன்னொரு தரம் எஞ்சின் போனால் காரை இரும்புக்குப் போட வேண்டியதுதான். இன்றைய விலையில் இன்னொன்று வாங்க அவரால் முடியாது.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. கார் பேர்ணடெற்றின் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது அவர். பெற்றோல் ஷெட்டில் எவ்வளவுக்கு என்று என்னைக் கேட்கிறார்கள். ரஃபிக் பொலிஸ்காரர் மறித்தால், "மஹத்தயா" என்று மரியாதையாக ஐயா போட்டு என் பக்கக் கண்ணாடியில் தட்டுகிறார். நான் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவன்! கராஜுக்குக் காரைக் கொண்டுபோவது எப்போதும் கிஷாந்த். "பொம்பிளைக்கு அங்க என்ன அலுவல்?" என்பான். துறைமுகத்தில் வேலை, நாற்பது வயது, ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் காரில் கூட்டாளிமாரோடு நீர்கொழும்புப் பயணம்.

போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. முதல்நாள் பின்னேரம்தான் கிஷாந்த் காரைச் சேர்விசுக்குக் கொண்டுபோய் வந்திருந்தான். மழைக்குள் போனட்டைத் திறக்காமலே பேர்ணடெற் புறப்பட்டார். மருதானைப் பாலத்து ஏற்றத்தில் கார் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது.

"அட, இண்டைக்குக் கார் பறக்குது!" என்றார் பின்னாலிருந்த றொசானா ரீச்சர்.

"சத்தம் போடாதீங்க ரீச்சர்" என்றார் பேர்ணடெற்.

தகரப் பேணிக்குள் சில்லறை குலுக்குவது போல எஞ்சினுக்குள் ஒரு ஓசை. பேர்ணடெற் நடு ஏற்றத்தில் நிறுத்திவிட்டார். பின்னால் நூறு ஹோர்ன். நான் குடை பிடிக்க, அவர் போனட்டைத் தூக்கினார். கோடு முறிந்து, இரண்டு துண்டும் ஓர் அரிசி நீளத்துக்கு விலகி நின்றன.

அவர் ஸ்பெனரை எடுத்து, டிஸ்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் நட்டில் மாட்டி அழுத்தினார். அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். அப்போதும் அசையவில்லை. மழை முகத்தில் வழிய என்னைப் பார்த்தார்.

"இது கழண்டதில்ல. கழண்டு தானாத் திரும்பியிருந்தா நட் இப்பிடி இறுகி நிக்குமா?"

"இப்பவே சரிபண்ணுங்களேன் அக்கா" என்றேன்.

"இங்க வேணாம். திருப்பினவன்ட கண்ணுக்கு முன்னால திருப்புறன்."

சின்னக் கியரில், மிதிக்காமல், மாளிகாவத்தைக்குப் போய்ச் சேர்ந்தோம். தகரக் கூரையோரமாக, என் பக்கம் உள்ளேயும் தன் பக்கம் மழையிலுமாகக் காரை நிறுத்தினார் பேர்ணடெற். கூரைக்குக் கீழே ரிம்ஸான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் சீட்டில் ஏறி இரண்டு தரம் எஞ்சினை உறுமவிட்டார். நிறுத்தி, சாவித் துவாரத்திலிருந்து திறப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, என்னிடம் வந்தார்.

"ஒண்டுமில்ல சேர். தம்பி வந்து பிக்கப் பத்தலன்டு சென்னாரு. கொஞ்சம் டைமிங் கூட்டிக் குடுத்தன். போன முறை அளவுக்குக் கூட்டல்ல. பயப்பட வாணாம்."

எனக்குப் புரிய ஒரு கணம் எடுத்தது. பேர்ணடெற்றுக்கு அதுகூட எடுக்கவில்லை.

"போன முறையா?"

ரிம்ஸான் அப்போதுதான் அவரைப் பார்த்தார்.

"போன முறையும் நீங்களா கூட்டினது? பிறகு எனக்கு முன்னால நிண்டு, குழியில விழுத்தி ஓட்டினதாலதான் கழண்டதெண்டு தலையாட்டினீங்க?"

"அக்கா, தம்பிதான் ஒங்களுக்குச் செல்ல வாணாம்டு..."

"கார் ஆரின்ட?"

"ஒங்கடதான். ஆனா ஆம்புள வந்து நிண்டு கேக்கக்குள்ள..."

"கார் ஆரின்ட எண்டு கேட்டன்!" பக்கத்தில் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்த வேலையாட்கள் கையை நிறுத்தினார்கள். "ஒரு வருசம். கல்லுக்கும் குழிக்கும் பயந்து செத்துச் செத்து ஓட்டினனான். என்ட ஓட்டந்தான் பிழையெண்டு நம்பிக்கொண்டு! உங்கட வீட்டுச் சுவரை ஆரும் வந்து இடிக்கச் சொன்னா என்னையா கேப்பீங்க?"

பேர்ணடெற் கிஷாந்துக்கு அழைத்தார். எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி போனைப் பிடித்தார்.

"உனக்கு விளங்காது அக்கா, உன்ட நல்லதுக்குத்தானே..." என்று தொடங்கினான் அவன்.

"வாற ஞாயிறு நீர்கொழும்புக்கு பஸ் இருக்கு. ஏறிப் போ" என்று சொல்லி அழைப்பை வெட்டிவிட்டார்.

பிறகு அவரே நட்டைத் தளர்த்தினார். உதவிக்குக் கை நீட்டிய ரிம்ஸானை முழங்கையால் விலக்கினார். டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்பி, முறிந்த கோட்டின் இரண்டு துண்டையும் நேருக்கு நேர் கொண்டுவந்தார். ஸ்பெனரில் முழு உடம்புப் பாரத்தையும் போட்டு இறுக்கினார். குப்பியைத் திறந்து பழைய கோட்டின் மேலேயே புதுக்கோடு இழுத்தார். பூச்சு காயும் வரைக்கும் ஊதிக்கொண்டு நின்றார். நான் அவரை இவ்வளவு கோபமாகவும் பார்த்ததில்லை, இவ்வளவு நிதானமாகவும் பார்த்ததில்லை.

போனட்டை அறைந்து மூடிவிட்டுத் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். நானும் ஏறினேன். ரிம்ஸான் என் பக்கமாக வந்து, கண்ணாடிக்குள்ளால் கையைவிட்டு, பழக்கதோஷத்தில் கார்த் திறப்பை என்னிடம் நீட்டினார். நான் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

பேர்ணடெற் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. தன் பக்கக் கண்ணாடியை இறக்கினார். கியூட்டெக்ஸ் ஒட்டிய விரல்களோடு உள்ளங்கையை விரித்து மழைக்குள் நீட்டினார். ரிம்ஸான் கூரைக்கு வெளியே இறங்கி, காரை முன்பக்கமாகச் சுற்றி நனைந்து வந்து, திறப்பை அந்தக் கையில் வைக்கும்வரை கை அப்படியே நீண்டிருந்தது.