உள்ளே ஆறு லீற்றர், வெளியே ஆறு லீற்றர்

1. பூ சுருங்கிப்போச்சு

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, காரைநகரிலிருந்து புவனேஸ்வரி அக்கா ரெலிபோன் எடுத்தார்.

"தங்கச்சி, பூ சுருங்கிப்போச்சு. ரெண்டு நாளா விரியேல்லை. இண்டைக்குக் கல்லை விட்டிட்டு அடியிலை விழுந்து கிடக்குது. இவர் தேத்தண்ணியும் குடிக்காமல் அதுக்கு முன்னாலை இருக்கிறார்."

பூ என்று அவர் சொன்னது அனிமோனை. தமிழில் கடற்சாமந்தி என்பார்கள். பார்க்கப் பூப்போல இருந்தாலும் அது ஓர் உயிர். அவர்கள் வீட்டு உப்புநீர்த் தொட்டியில் ஒரு சோடிக் கோமாளி மீன்கள் ஒன்பது வருடமாக அதற்குள்தான் குடியிருந்தன. அனிமோன் செத்தால் சில மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதும் கெட்டுவிடும். மீன்களும் தப்பாது.

அந்தத் தொட்டிக்குத் தானாகத் தண்ணீர் மாற்றும் அமைப்பைப் பூட்டிக் கொடுத்தவள் நான். கொழும்பில் அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் தண்ணீர்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து, ஊர்காவற்றுறைக்குத் திரும்பி வந்த பிறகு, தீவுப் பகுதியிலும் யாழ்ப்பாண நகரிலும் ஏழெட்டு வீடுகளின் உப்புநீர்த் தொட்டிகளைக் கவனித்து வருகிறேன். வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைக்க நினைப்பவர்களுக்கு இது பயன்படலாம் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2. வாளி தூக்க முடியாதவர்

புவனேஸ்வரி அக்காவின் கணவர் தவராசா அண்ணை தெற்கே ஒரு நகரத்தில் முப்பது வருடம் கடை நடத்தியவர். கடையை விற்றுவிட்டு ஊருக்கு வரும்போது தொட்டியையும் மீன்களையும் லொறியில் கொண்டுவந்தார். முந்நூறு லீற்றர்த் தொட்டி. கிழமைக்கு ஒருநாள் நாற்பது லீற்றர் பழைய தண்ணீரை வாளியால் அள்ளி வெளியே ஊற்றி, நாற்பது லீற்றர் புதுக் கடல்நீர் விடுவார். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் சேர்ந்துகொண்டே இருப்பதால் அப்படி மாற்றாமல் விட முடியாது.

அவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. பேச்சும் தட்டுத் தடுமாறித்தான் வரும். புவனேஸ்வரி அக்காவுக்கு முதுகு நோ. தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்று அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது அண்ணை கதிரையில் இருந்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார்.

"வாளி... தூக்க ஏலாது எண்டதுக்காக... அதுகளைக் குடுக்கிறதோ?"

கொடுக்கத் தேவையில்லை, மெசின் ஒன்றைப் பூட்டலாம் என்று சொன்னேன்.

அமைப்பு சிக்கலானதல்ல. ஒரே மோட்டரில் இரண்டு தலைகள் உள்ள பம்ப் ஒன்று. ஒவ்வொரு தலையிலும் ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் வளைந்து செல்லும். உள்ளே உருளைகள் சுற்றிக் குழாயை நசுக்கி நசுக்கித் தண்ணீரைத் தள்ளும். ஒரு தலை தொட்டியின் பழைய தண்ணீரை வெளியேற்றும். மற்றது பரல் எனும் பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் உள்ள புதுக் கடல்நீரை உள்ளே விடும். ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் கால் லீற்றர். நாளுக்கு ஆறு லீற்றர் வெளியே, ஆறு லீற்றர் உள்ளே. இருநூறு லீற்றர்ப் பரல் ஒரு மாதத்துக்குக் காணும்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய பம்ப். தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறையும். உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீர்தான் விட வேண்டும். மட்டம் இறங்கினால் மிதவை சுவிட்ச் ஒன்று அந்தப் பம்பை ஓடவைத்து, பிளாஸ்டிக் கானில் உள்ள, உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரை விடும். எங்கள் தீவுகளில் கிணறுகள் உவர் என்பதால் குடிக்கவே பல வீடுகளில் அந்தத் தண்ணீர்தான்.

பூட்டிய அன்று ஒரு தவறு நடந்தது. உள்ளே விடும் தலையின் குழாயை அளந்து வெட்டும்போது நீளம் போதாமல் கட்டையாக வெட்டிவிட்டேன். என் பெட்டியில் அதே தடிப்பில் வேறொரு வகைக் குழாய் இருந்தது. அதைப் போட்டேன். இரண்டு தலைகளும் விடும் தண்ணீரைச் சாடியில் பிடித்து அளந்தேன். ஒரு சொட்டு வித்தியாசம் இல்லை. திருப்தியோடு வீடு திரும்பினேன்.

கடல்நீர் கொண்டுவர ஜேசுவை ஏற்பாடு செய்தேன். எங்கள் ஊர் கடற்றொழிலாளி. படகில் வெளிக்கடலுக்குப் போய்க் கான்களில் அள்ளி, துணியால் வடித்து, காரைநகர்க் கரையில் இறக்கி ஓட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோவார். நகரத்தில் என்னுடைய இன்னொரு வாடிக்கையாளரான பல் டொக்டருக்கும் அவர்தான் கொடுத்தார்.

3. துறையடித் தண்ணீர்

அன்று காலை பாதையில் ஏறிக் காரைநகருக்குக் கடந்தேன். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் மிதவைப் படகை நாங்கள் பாதை என்போம். ஆறு கிழமைக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகிறேன். மாதம் ஒருதரம் போவதாகச் சொல்லியிருந்தேன். மழையால் தள்ளிப்போட்டுவிட்டேன்.

அனிமோன் கைமுட்டி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. கல்லிடுக்கில் இருந்த இறால் செத்துப்போயிருந்தது. மீன்கள் இரண்டும் மேல் மூலையில் நின்றன. ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் உப்பைக் காட்டும் கருவி என்னிடம் உண்டு. லீற்றருக்கு முப்பத்தைந்து கிராம் உப்புக் காட்ட வேண்டிய தொட்டி இருபத்தொன்பது காட்டியது. பரலில் உள்ள தண்ணீரையும் பார்த்தேன். முப்பத்து மூன்று.

அதைப் பார்த்ததும் காரணம் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். பத்து நாளைக்கு முன்னர்தான் ஜேசு பரலை நிரப்பியிருந்தார். அதற்கு முந்தைய ஐந்து நாளும் மழை. மழைக்காலத்தில் கரையோரத் தண்ணீரில் உப்புக் குறைந்துவிடும்.

புவனேஸ்வரி அக்கா பக்கத்தில் நின்று ஒன்று சொன்னார்.

"தங்கச்சி, அந்த ஆர்.ஓ. தண்ணிக் கானும் இப்ப கெதியா முடியுது. முந்தி ஒரு கான் பத்து நாளைக்குக் காணும். இப்ப அஞ்சு நாள்தான்."

"ஃபேன் போடுறியளல்லோ அக்கா, அதுதான்" என்றேன். மழைக்குளிரில் அந்த வீட்டில் ஒரு ஃபேனும் ஓடவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூடத்தில் நின்றபடியே ஜேசுவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் சொல்வது அண்ணைக்கும் அக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ஜேசு, போனமுறை தண்ணி எங்கை அள்ளினீர்?"

"வழமையா அள்ளுற இடத்திலைதான் அக்கா. வெளியாலை."

"வெளியாலை அள்ளின தண்ணி முப்பத்திமூண்டு காட்டாது. கரையோரம் துறையடியிலை அள்ளிப்போட்டு வந்திருக்கிறீர்."



"இல்லை அக்கா. மழை விடாமல் பெய்ஞ்சது. வெளியிலையும் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். நான் துறையடியிலை அள்ளேல்லை."

"இஞ்சை ஒரு உயிர் சாகக் கிடக்குது. நீர் இனி இந்த வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்."

அவர் ரெலிபோனை வைத்துவிட்டார். நான் அத்தோடு நிற்கவில்லை. பல் டொக்டருக்கும் எடுத்து, ஜேசுவின் தண்ணீரை வாங்க வேண்டாம் என்று சொன்னேன். பிறகு பரலில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்து முப்பத்தாறுக்கு ஏற்றிவிட்டு, நாளுக்கு நாள் தொட்டி ஏறும் என்று அண்ணைக்கு உறுதி சொன்னேன். அண்ணை தலையை ஆட்டினார். அவர் கண் தொட்டியில்தான் இருந்தது.

4. ஜேசு போட்ட கணக்கு

மூன்றாம் நாள், நான் விட்டுவந்த கருவியால் அக்கா அளந்து ரெலிபோனில் சொன்னார். தொட்டி இருபத்தொன்பதிலேயே நின்றது. அதை யோசித்துக்கொண்டு இருக்கும்போது ஜேசு என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"அக்கா, கோவிக்க வரேல்லை. ஒண்டு கேக்க வந்தனான். என்ரை தண்ணி எவ்வளவு காட்டினது?"

"முப்பத்திமூண்டு."

"தொட்டி?"

"இருபத்தொம்பது."

"முப்பத்திமூண்டு தண்ணியை ஊத்தினால் தொட்டி முப்பத்திமூண்டுக்கு வரும். அதுக்குக் கீழை எப்பிடிப் போகும்?"

அவர் தொடர்ந்தார்.

"இன்னொண்டு. அந்தப் பரல் மாசத்துக்கு ஒம்பது கான் கொள்ளும். போனமுறை ஆறுதான் கொண்டது. மூண்டு கானைத் திருப்பி ஏத்திக்கொண்டு வந்தனான். நான் புவனேஸ்வரி அக்காவிட்டைக் கேட்டனான், மெசின் ஓடுதோ எண்டு. ஓடுது எண்டு சொன்னவா."

ஒரு கான் இருபது லீற்றர். ஒன்பது கான் போக வேண்டிய மாதத்தில் ஆறு கான்தான் தொட்டிக்குள் போயிருக்கிறது. ஆனால் வெளியேறியது வழமைபோல ஒன்பது கான். குறைந்த மூன்று கானை யார் நிரப்பியது? ஆர்.ஓ. தண்ணீர். மட்டம் இறங்கியதும் மிதவை சுவிட்ச் அதை ஆவி என்று நினைத்து உப்பில்லாத தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கான் கெதியா முடிவதாக அக்கா சொன்னது இதைத்தான்.

அடுத்த பாதையிலேயே போனேன். இரண்டு சாடிகளை வைத்துப் பம்பைக் கையால் ஓடவிட்டேன். வெளியேற்றும் தலை அரை லீற்றர் தள்ளிய நேரத்தில், உள்ளே விடும் தலை ஒரு லீற்றரில் மூன்றில் ஒரு பங்குதான் தள்ளியது. தலையைக் கழற்றினேன். என் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட குழாய் உருளை படும் இடத்தில் தட்டையாகி, நசுங்கியது நிமிராமல் கிடந்தது. மூன்று மாதம் சுற்றியதில் களைத்துவிட்டது. பம்ப் ஓடியது, தண்ணீரும் வந்தது. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

ஜேசு அள்ளிய தண்ணீரில் குறை இருந்தது உண்மை. அது மழையின் குறை, இரண்டு புள்ளி. மிச்சம் முழுவதும் நான் செய்த வேலை.

இரண்டு தலைகளுக்கும் ஒரே வகைப் புதுக் குழாய் போட்டேன். ஆர்.ஓ. பம்புக்கு ஒரு டைமர் பூட்டி, நாளுக்கு இரண்டு லீற்றருக்கு மேல் விடாதபடி கட்டுப்படுத்தினேன். உப்பை ஒரேநாளில் ஏற்றினால் அனிமோன் தாங்காது. நாளுக்கு அரைப் புள்ளி வீதம் பன்னிரண்டு நாள் ஏற்றினோம். ஒன்பதாம் நாள் அது கல்லில் மறுபடி ஒட்டிக்கொண்டது. முன்பிருந்த அளவுக்கு இன்னும் வளரவில்லை. மீன்கள் அதற்குள் திரும்பிப் போய்விட்டன.

5. அந்த வீட்டிலேயே

குழாயைக் கழற்றிய அன்று பின்னேரம் ஜேசுவின் வீட்டுக்குப் போனேன். பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் வலைக் கயிறு முறுக்கிக்கொண்டு இருந்தார்.

"என்னட்டைச் சொன்னால் காணாது அக்கா. எனக்கு அது முதலே தெரியும். அந்த வீட்டிலை சொல்லுங்கோ. பல் டொக்டரிட்டையும் சொல்லுங்கோ."

டொக்டருக்கு அங்கேயே நின்று எடுத்துச் சொன்னேன். அடுத்தநாள் இருவரும் ஒரே பாதையில் காரைநகருக்குப் போனோம். கடக்கும் வரை அவர் பாதையின் மற்ற ஓரத்தில் நின்றார்.

கூடத்தில் அண்ணை கதிரையில் இருந்தார், அக்கா குசினி வாசலில் நின்றார். நசுங்கிய குழாயை அண்ணையின் இடக்கையில் கொடுத்தேன்.

"இதை நான்தான் போட்டனான். இதாலைதான் உப்புக் குறைஞ்சது. ஜேசுவிலை ஒரு பிழையும் இல்லை. நான் பாக்காமல் கதைச்சுப்போட்டன்."

இருபத்திரண்டு வருட வேலையில் எத்தனையோ தொட்டிகளில் எத்தனையோ மீன்களைச் சாகக் கொடுத்து, அதற்கெல்லாம் அறிக்கை எழுதியிருக்கிறேன். இந்த நாலு வசனத்தைச் சொல்லத்தான் கடினமாக இருந்தது.

அண்ணை குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜேசுவைப் பார்த்தார்.

"நாளைக்கு... தண்ணி... கொண்டு வாரும்."

"நாளைக்கு ஏலாது அண்ணை" என்றார் ஜேசு. "மழை விட்டு நாலு நாளாவது போகட்டும். இப்ப அள்ளினால் உண்மையாவே உப்புக் குறைவாத்தான் கிடக்கும்."

அக்கா தேத்தண்ணி போட உள்ளே போனார்.

இப்போது எந்த வீட்டில் அமைப்பைப் பூட்டினாலும் மாதம் ஒருதரம் இரண்டு தலைகளையும் சாடி வைத்து அளக்கிறேன். பூட்டிய நாளின் அளவு பூட்டிய நாளுக்கு மட்டும்தான் என்று படித்துக்கொண்டேன். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாற்றத்தைச் சொன்னால், அது சின்னதாகத் தெரிந்தாலும், கொப்பியில் எழுதிய பிறகுதான் பதில் சொல்கிறேன்.

ஜேசு இப்போதும் இரண்டு வீடுகளுக்கும் தண்ணீர் கொடுக்கிறார். என்னுடன் நன்றாகக் கதைப்பார், சிரிப்பார். ஆனால் கானை இறக்கியதும் மூடியைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்று, "அளவுங்கோ அக்கா" என்பார். வேண்டாம் ஜேசு, எனக்குத் தெரியும் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். அளந்து, வந்த அளவை வாய்விட்டுச் சொல்லும்வரை அவர் அடுத்த கானைத் தூக்குவதில்லை. நானும் ஒவ்வொரு கானாக அளந்து, சத்தமாகச் சொல்கிறேன்.