ஆவணிக்காகக் காத்திருந்த விண்ணப்பம்

புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த கிங்ஸ்பரி வாடகை வீட்டில் கசிந்த குழாயை அப்பாவும் நிரோஜினியும் சேர்ந்து மாற்றினார்கள். எலெக்ட்ரிக்கல் டிப்ளோமா முடித்த அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. வகுப்பு தொடங்குமுன் நிரந்தர வதிவிடம் கிடைத்தால் உள்ளூர்க் கட்டணம். இல்லையென்றால் வெளிநாட்டு மாணவரின் கட்டணம், அதைக் கட்டவே முடியாது.

"இண்டைக்கே வதிவிட விண்ணப்பத்தை அனுப்புவம், அப்பா."

"ஆடியில நல்ல காரியம் தொடங்கிறேல்லை. ஆவணி பிறக்கட்டும், பிள்ளை."

"விசா குடுக்கிற ஹோம் ஒபிசுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது."

உணவகச் சமையல்காரர் விசாவில் வந்திருந்த அப்பா தில்லையம்பலம் சிரித்தார்.

ஆடி முடியுமுன் மாரடைப்பு அவரைக் கொண்டுபோயிற்று. அவருடைய விசாவில் தங்கியிருந்த மகள் தனியாக விண்ணப்பிக்க வழியில்லை என்றார் குடிவரவு லோயர். கிடைத்த பல்கலைக்கழக இடத்தை ஏற்கவும் முடியவில்லை, விடவும் மனமில்லை.

ஆவணி முதல் நாள் லோயரிடம் கொண்டுபோவதற்காக அப்பா சாமிப் படத்தடியில் வைத்த பாஸ்போர்ட்டுகள் இரண்டும் இன்னும் அங்கேயே இருக்கின்றன.